பத்திரிகையில் போட்டிருக்கிறதே!

"பத்திரிகையில் போட்டிருக்கிறதே!" என்று ஒருவர் சொல்லிவிட்டால், ஒரு காலத்தில் விவாதம் அதோடு முடிந்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர் வாயை மூடிக்கொண்டு வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார். இந்தக் காலத்தில் அதே வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். விவாதம் அங்கேதான் ஆரம்பமாகும். "எந்தப் பத்திரிகை? அது யாருடைய பத்திரிகை? எழுதச் சொல்லிப் பணம் கொடுத்தது யார்?" என்று கேள்விகள் சரமாரியாகக் கிளம்பும்.

கேள்வி கேட்பது நல்லதுதான். ஆனால் கேட்கிறவர் பதிலுக்குக் காத்திருப்பதாகத் தெரியவில்லை. பத்திரிகையை நம்பமாட்டேன் என்று சத்தியம் செய்த அதே மனிதர், கைப்பேசியில் முகம் தெரியாத ஓர் ஆசாமி அனுப்பிய துண்டுச் செய்தியைத் தலைமேல் வைத்துக் கூத்தாடுகிறார். ஆகவே, மனிதர்களுக்கு நம்பிக்கை ஒழிந்துபோய்விடவில்லை. அது குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது; அவ்வளவுதான்.

சாதாரண நாட்களில் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒரு நட்சத்திரத்தின் கல்யாணத்தைப் பற்றிய சமாசாரம் தப்பாகப் போனால், யாருக்கும் ஜுரம் வந்துவிடாது. ஆனால் ஊரிலே கொள்ளை நோய் புகுந்துவிட்டால் விஷயம் அப்படி இல்லை. அப்போது செய்தியே மருந்தாகிறது. செய்தியே விஷமும் ஆகிறது. கொரோனா வந்த 2020, 2021-ம் வருஷங்களில் இதை நாம் எல்லோரும் கண்ணால் கண்டோம். நோயைப் பற்றிய செய்திகளை நம்பலாமா, கூடாதா என்று அன்று எங்கள் தெருவில் நடந்த வாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை. எல்லையோரத்து ஊர்க்காரன் என்ற முறையில் அதில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

எங்கள் ஓசூர் ஒரு வேடிக்கையான ஊர். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி கிராமம் இதன் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் சேலம் ஜில்லாவில் இருந்தோம். பிறகு தருமபுரி ஜில்லாவுக்குப் போனோம். 2004-ம் வருஷம் முதல் கிருஷ்ணகிரி ஜில்லா. ஆனாலும் ஜில்லாவின் தலைநகருக்குப் போவதைக் காட்டிலும் பெங்களூருக்குப் போவதுதான் எங்களுக்குச் சமீபம். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, மோட்டார் சைக்கிளும் லாரியும் கைக்கடிகாரமும் செய்கிற ஊராகிவிட்டது. காலையில் ஜூஜூவாடி வழியாகவும் அத்திப்பள்ளி வழியாகவும் பார்த்தால், வேலைக்காக அந்தப் பக்கம் போகிறவர்கள் பாதி, இந்தப் பக்கம் வருகிறவர்கள் பாதி. டீக்கடையில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும். மனிதர்களுக்கும் ரோஜாப்பூக் கூடைகளுக்கும் எல்லைக்கோடு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இராது.

2020 மார்ச் மாதக் கடைசியில் அந்தக் கோடு திடீரென்று சுவராக எழுந்து நின்றது. ஊரடங்கு வந்தது. தொழிற்சாலைச் சங்குகள் ஓய்ந்தன. பெங்களூர் நெடுஞ்சாலை வெறிச்சோடிற்று. செய்தி ஒன்றுதான் எல்லை தாண்டி நடமாடிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில், செய்தியை நம்பலாமா என்ற கேள்விக்கு முன்னால், செய்தித்தாளைத் தொடலாமா என்றே ஒரு கேள்வி கிளம்பியது. காகிதத்தில் கிருமி ஒட்டிக்கொண்டு வரும் என்று யாரோ சொன்னார்கள். சில வீடுகளில் பத்திரிகையை நிறுத்திவிட்டார்கள். சில வீடுகளில் அதை வெயிலில் காயப் போட்டார்கள். பத்திரிகை அச்சிடுவதையே தடை செய்ய வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட்டில் ஒரு வழக்குக்கூட வந்தது. 2020 ஏப்ரலில் கோர்ட்டார் அதைத் தள்ளுபடி செய்தார்கள். கோழி பட்ட பாடு அதற்கும் முந்தியது. கோழி தின்றால் கொரோனா வரும் என்ற வதந்தி அந்த வருஷத்தின் ஆரம்பத்திலேயே பரவி, நாமக்கல் முட்டை விலை சரிந்து விழுந்தது. கோழிக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்று சர்க்கார் சொன்னார்கள்; பத்திரிகைகளும் எழுதின. கேட்டவர் கொஞ்சம், கேளாதவர் அதிகம்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருஷமாகத் தினசரி வாங்குகிறவர். பத்திரிகையில் வந்த வரியைப் பாடப் புத்தகத்து வரியைப் போலவே பாவிப்பார். அடுத்த வீட்டில் சிப்காட்டில் வேலை செய்யும் வாலிபர் ஒருவர். பத்திரிகை என்றாலே அவருக்கு ஆகாது, கைப்பேசிதான் வேதம். ஊரடங்குக் காலத்தில் இருவரும் அவரவர் வாசலில் நின்றபடி வாதாடுவார்கள். நடுவில் அகப்பட்டுக்கொண்டவன் நான்.

மே மாதம் முதல் தேதி வாக்கில் ஒரு செய்தி வந்தது. மத்திய சுகாதார இலாகா தேசத்து ஜில்லாக்களையெல்லாம் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று நிறமாகப் பிரித்து ஜாபிதா வெளியிட்டிருந்தது. தமிழ்நாட்டில் அப்போது 37 ஜில்லாக்கள். அவற்றில் 12 சிவப்பு, 24 ஆரஞ்சு, பச்சை ஒன்றே ஒன்று. அந்த ஒன்று எங்கள் கிருஷ்ணகிரி!

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தாயா தம்பி! நம் ஜில்லாவில் நோயே கிடையாது. பத்திரிகையில் போட்டிருக்கிறது. மாம்பழத்துக்குப் பேர் போன ஜில்லா, இனிமேல் ஆரோக்கியத்துக்கும் பேர் போகும்" என்றார்.

"பச்சை மண்டலமா? பச்சைப் பொய் ஐயா!" என்றார் வாலிபர். "பெங்களூருக்கும் நமக்கும் நடுவில் தினந்தினம் எத்தனை ஆயிரம் பேர் போய்வந்தார்கள்! நமக்கு மட்டும் வரவில்லை என்றால் நம்ப முடியுமா? மறைக்கிறார்கள்."

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அந்தச் செய்தியை மறுபடியும் ஒருமுறை வாசித்தேன். பச்சை என்பதற்கு அதிலேயே இலக்கணம் சொல்லியிருந்தது. இதுவரையில் நோய் உறுதி செய்யப்பட்டவர் ஒருவரும் இல்லாத ஜில்லா, அல்லது கடந்த 21 நாட்களில் புதிதாக ஒருவரும் உறுதி செய்யப்படாத ஜில்லா. 'உறுதி செய்யப்பட்ட' என்ற அந்தச் சின்ன வார்த்தையில்தான் சூட்சுமம் இருக்கிறது. நோய் இல்லை என்று அந்த ஜாபிதா சொல்லவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படவில்லை என்றுதான் சொன்னது. ஆழமாக வலை வீசிவிட்டு மீன் இல்லை என்று சொல்வது ஒன்று. கரையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு மீன் இல்லை என்று சொல்வது வேறு. ஆகவே அந்தச் செய்தியைப் படித்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள்?" என்பது. அதை வாத்தியாரும் கேட்கவில்லை; வாலிபரும் கேட்கவில்லை.

மே முதல் வாரம் முடிவதற்குள் எங்கள் பச்சை நிறம் வெளுத்துவிட்டது. "நான் அப்போதே சொன்னேனே!" என்று வாலிபர் மார் தட்டினார். "முதல் தேதி வரையில் பச்சைதானே!" என்று வாத்தியார் விட்டுக்கொடுக்கவில்லை. உண்மை என்னவென்றால், செய்தியில் பொய் இல்லை. ஒருவர் அது சொல்லாததை நம்பினார்; மற்றவர் அது சொல்லாததை மறுத்தார். செய்தியை நம்பலாமா என்ற விவாதத்தில் முக்கால் பங்கு இந்த மாதிரிதான். செய்தி என்ன சொல்கிறது என்று தீர்மானிப்பதற்கு முன்பே, நாம் அதை நம்புவதா வேண்டாமா என்று தீர்மானித்துவிடுகிறோம்.

எல்லையோரத்தில் வசிப்பதால் இன்னொரு வேடிக்கையும் பார்த்தோம். 2020 மே 18-ந் தேதி கர்நாடக சர்க்கார், தமிழ்நாடு உள்படச் சில ராஜ்யங்களிலிருந்து யாரும் அந்த மாதக் கடைசி வரையில் உள்ளே வரக்கூடாது என்று அறிவித்தார்கள். அப்போது சென்னையில் நோய் மும்முரம். அந்தப் பக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் என்றாலே பயம். இரண்டு மாதம் சென்றது. ஜூலையில் பெங்களூரில் நோய் ஏறி, 14-ந் தேதி முதல் அங்கே மறுபடி ஊரடங்கு போட்டார்கள். இப்போது இந்தப் பக்கத்தில் பெங்களூரிலிருந்து வருகிறவர் என்றாலே பயம். கிருமி என்னவோ ஒன்றுதான். அதற்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. ஆனால் செய்தியில் எப்போதும் நோய் 'அங்கே'யிருந்து 'இங்கே' வந்துகொண்டிருந்தது! இரண்டு பாஷையிலும் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத்தான் இந்த விநோதம் புலப்பட்டது. எவ்வளவு உண்மையான செய்தியாக இருந்தாலும், அது எந்தத் திண்ணையில் உட்கார்ந்து எழுதப்பட்டது என்று பார்த்துக்கொள்வது நலம்.

இந்தப் பிரதேசத்துக்கு இது புதிய அநுபவமும் அல்ல. 1898-ம் வருஷம் ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் நோய் புகுந்தது. அங்கே அப்போது மைசூர் சமஸ்தானம். இங்கே சென்னை மாகாணம். அந்தக் காலத்திலும் மாகாண எல்லையில் பிரயாணிகளைப் பரிசோதித்தார்கள். 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒரு சீட்டு கொடுத்து, போகிற ஊரில் தினம் போய் முகத்தைக் காட்டச் சொன்னார்கள். நூற்றிருபது வருஷம் கழித்து நாம் கைப்பேசியில் வாங்கிய 'இ-பாஸ்' அந்தச் சீட்டின் பேரன்தான். பயந்த ஜனங்கள் பெங்களூரிலும் கோயமுத்தூரிலும் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தார்கள். சர்க்கார் சொன்னதை ஏன் நம்பவில்லை? சர்க்கார் அந்நிய சர்க்கார். சோதனை என்ற பெயரால் வீட்டுக்குள் புகுந்தவர்கள் சிப்பாய்கள்.

இவ்விஷயத்தில் லோகமான்ய திலகரின் சரித்திரத்தை ஒவ்வொரு வீட்டிலும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். 1897-ல் புனாவில் பிளேக் ஒழிப்பு என்ற பெயரால் நடந்த அக்கிரமங்களைத் திலகர் தமது 'கேஸரி'யில் கண்டித்தார். ஆனால் நோயே பொய் என்று அவர் எழுதவில்லை. அதிகாரிகளின் முறைகேட்டைக் கண்டித்துக்கொண்டே, ஜனங்களுக்காக ஆஸ்பத்திரி நடத்தவும் ஏற்பாடு செய்தார். அந்த வருஷம் ஜூன் மாதத்தில் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டான். அதற்குப் பிறகு திலகர் மீது ராஜத் துரோக வழக்குத் தொடர்ந்து, பதினெட்டு மாதம் கடுங்காவல் விதித்தார்கள். நோயை ஒப்புக்கொள்வது வேறு, அதிகாரியை ஒப்புக்கொள்வது வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம்மில் பலருக்கு 2020-லும் அந்தப் பேதம் தெரியவில்லை. சர்க்காரைப் பிடிக்காதவர்கள் நோயையே மறுத்தார்கள். நோய்க்குப் பயந்தவர்கள் சர்க்கார் சொன்னதையெல்லாம் ஆமோதித்தார்கள்.

அந்த 1897-ல் பிறந்த தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் சுதந்திர இந்தியாவும் 2020-ல் கையில் எடுத்தது. அந்தச் சட்டத்தின் கீழ் ராஜ்யங்கள் விதிகள் செய்து, பொய்ச் செய்தி பரப்புகிறவர்களைத் தண்டிக்கலாம் என்றன. சுப்ரீம் கோர்ட்டாரும் 2020 மார்ச் 31-ந் தேதி, பத்திரிகைகள் சர்க்கார் தரும் விவரத்தைக் கவனித்து வெளியிட வேண்டும் என்று உத்தரவிட்டார்கள்; அதே உத்தரவில், சுதந்திரமான விவாதத்தில் தலையிட எண்ணமில்லை என்றும் சொன்னார்கள். இரண்டும் அவசியந்தான். ஆனால் தராசின் எந்தத் தட்டு தாழும் என்று எச்சரிக்கையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். செய்தியை அடக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1918-ம் வருஷத்து இன்புளுயன்சா ஜுரமே சாட்சி. யுத்தத்தில் ஈடுபட்டிருந்த தேசங்கள் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போட்டிருந்தன. யுத்தத்தில் சேராத ஸ்பெயின் தேசத்துப் பத்திரிகைகள் மட்டும், தங்கள் ராஜாவுக்கே ஜுரம் வந்ததைப் பகிரங்கமாக எழுதின. உண்மையை எழுதியதற்கு உலகம் கொடுத்த சன்மானம் என்ன தெரியுமா? நோய்க்கே 'ஸ்பெயின் ஜுரம்' என்று பெயர் வைத்ததுதான்! அந்த ஜுரத்துக்கு இந்தியாவில் மாத்திரம் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள்.

அப்படியானால் எந்தச் செய்தியை நம்புவது? எனக்குத் தெரிந்த ஓர் அடையாளம் சொல்கிறேன். திருத்திக்கொள்ளும் செய்தியை நம்பலாம்.

2020 ஜூன் மாதத்தில், சென்னை மாநகராட்சியின் மரணப் பதிவுக்கும் ராஜ்ய சர்க்கார் தினந்தோறும் வெளியிட்ட மரணக் கணக்குக்கும் வித்தியாசம் இருப்பதைப் பத்திரிகைகள் எடுத்துக் காட்டின. ஒரு கமிட்டி போட்டு ஆராய்ந்தார்கள். ஜூலை 22-ந் தேதி, முன்பு விட்டுப்போன 444 மரணங்களைச் சர்க்காரே கணக்கில் சேர்த்தார்கள். அன்றைக்கு எங்கள் வாலிபர், "பார்த்தீர்களா, இத்தனை நாளும் பொய்!" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைக்காரர் தாமே முன்வந்து, "போன மாதக் கணக்கில் தப்பு நேர்ந்துவிட்டது, இதோ பாக்கி" என்று சொன்னால், அடுத்த மாதம் அவரிடம் சாமான் வாங்குவதை நிறுத்திவிடுவோமா? பத்திரிகைகள் எண்ணிக் காட்டியிராவிட்டால் கமிட்டியே வந்திராது என்பது வாஸ்தவம். செய்தி ஜீவித்திருப்பதன் லக்ஷணம் அதுதானே?

2021-ல் குஜராத்தில் நடந்ததும் அப்படியே. அங்கே 'ஸந்தேஷ்' பத்திரிகையின் நிருபர்கள் ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கின் வாசலிலும் சுடுகாட்டிலும் இராப்பகலாக நின்று எண்ணினார்கள். 'திவ்ய பாஸ்கர்' என்னும் பத்திரிகை மரணச் சான்றிதழ்களைத் திரட்டியது. மார்ச் 1-ந் தேதி முதல் மே 10-ந் தேதி வரையில் 1,23,000-க்கு மேற்பட்ட சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தன. முந்திய வருஷம் அதே நாட்களில் சுமார் 58,000. கொரோனா மரணம் என்று அதே நாட்களுக்குச் சர்க்கார் சொன்ன எண்ணிக்கையோ 4,218. அதிகமாக இறந்தவர்கள் அத்தனை பேரும் கொரோனாவினால் இறந்தார்கள் என்று அந்தப் பத்திரிகை சாதிக்க வேண்டியதில்லை. எண்ணியதை எண்ணியபடி போட்டாலே போதுமானதாயிருந்தது. இது சர்க்காரை வைவதும் அல்ல, புகழ்வதும் அல்ல. எண்ணுவது!

எண்ணத் தெரியாதவர்களின் செய்திக்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். நம் அபிமான ஹாஸ்ய நடிகர் விவேக், 2021 ஏப்ரல் 15-ந் தேதி சென்னையில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கே போய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டார். எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லவே அப்படிச் செய்தார். மறுநாள் மாரடைப்பு; 17-ந் தேதி விடியற்காலையில் காலமானார். தேசமெங்கும் தமிழர்கள் கண்ணீர் விட்டார்கள். கண்ணீர் உலர்வதற்குள் செய்தி பறந்தது: "ஊசி போட்டார், மறுநாள் விழுந்தார்." வார்த்தைக்கு வார்த்தை வாஸ்தவம். ஆனால் இரண்டு வாஸ்தவங்களை அருகருகே வைத்ததில் ஒரு பொய் பிறந்துவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் பாட்டிமார்கள் இதற்குத்தான் சொல்லிவைத்தார்கள். இருதய இரத்தக் குழாயில் இருந்த அடைப்பே காரணம் என்று வைத்தியர்கள் அன்றே சொன்னார்கள். தடுப்பூசிக்கும் அந்த மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய நிபுணர் குழு ஆராய்ந்து முடிவு சொன்னது அக்டோபரில். வதந்திக்கு ஒரு நாள் போதும். விசாரணைக்கு ஆறு மாதம் வேண்டும். இந்த ஆறு மாத இடைவெளியில்தான் மனிதர்கள் செத்துப்போகிறார்கள்.

இது அலங்காரத்துக்காகச் சொன்னதல்ல. எங்கள் தெருக்கோடியில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாள் இருக்கிறாள். அவள் புருஷன் லாரி டிரைவர், ஐம்பது வயது. ஏப்ரல் மாதத்தில் ஊசி போட்டுக்கொள்வதாக இருந்தவர், அந்தச் செய்தியைக் கேட்டதும், "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று ஒத்திப்போட்டார். மே மாதத்தில் ஜுரம் வந்தது. இந்தப் பக்கத்தில் படுக்கை கிடைக்கவில்லை. பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டார். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? அதை யாரும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. அவர் ஒத்திப்போட்டதற்குக் காரணம் வைத்தியர் அல்ல, ஒரு செய்தி என்பதை மட்டும் சொல்லலாம்.

கதை அதோடு முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் 'மூச்சுத் திணறல்' என்றுதான் எழுதியிருந்தது. கொரோனாவினால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் உதவி என்று, சுப்ரீம் கோர்ட்டாரின் உத்தரவுக்குப் பிறகு, 2021 செப்டம்பரில் முடிவாயிற்று. அந்த அம்மாள் விண்ணப்பம் எடுத்துக்கொண்டு அலைந்தாள். இந்தப் பக்கம் கேட்டால், இறந்த இடம் அந்தப் பக்கம் என்றார்கள். அந்தப் பக்கம் கேட்டால், விலாசம் இந்தப் பக்கம் என்றார்கள். ஓர் ஏழை இரண்டு ராஜ்யங்களின் நடுவில் செத்துப்போனால், எந்த ராஜ்யத்தின் கணக்கிலும் சேராமலே போய்விடலாம் போலிருந்தது! நல்லவேளையாக, புருஷனுக்குப் பரிசோதனை செய்த சீட்டை அவள் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருந்தாள். பரிசோதனை செய்த 30 நாட்களுக்குள் இறந்திருந்தால் அது கொரோனா மரணமாகவே கொள்ளப்படும் என்று புதிய விதி சொல்லிற்று. சான்றிதழில் நோயின் பெயர் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உதவியை மறுக்கக்கூடாது என்று அக்டோபர் 4-ந் தேதி கோர்ட்டாரும் சொன்னார்கள். இந்த இரண்டையும் பத்திரிகையில் படித்துச் சொன்னவர் எங்கள் வாத்தியார். கைப்பேசியிலேயே விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அனுப்பியவர் அந்த வாலிபர். பணம் வந்தது.

அன்றைய தினம் எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. 'இன்றைய மரணம் இத்தனை' என்று நாம் காலைக் காபியோடு படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோமே, அந்த எண்ணுக்குள் சேருவதா, வெளியே நிற்பதா என்பது ஒரு விதவையின் அடுத்த வருஷச் சாப்பாடு. கணக்கு சரியா என்று கேட்பது அரட்டை விஷயம் அல்ல, நியாய விஷயம்.

அந்தக் கணக்கு இன்னமும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2021 முடிய இந்தியாவில் சுமார் 4,81,000 பேர் கொரோனாவினால் இறந்ததாகச் சர்க்கார் கணக்கு. அந்த இரண்டு வருஷங்களில் வழக்கத்துக்கு மேல் சுமார் 47 லட்சம் பேர் இறந்திருக்கக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. அந்த மதிப்பீட்டு முறையே தவறு என்று இந்திய சர்க்கார் ஆட்சேபித்தார்கள். பிறகு 2025 மே மாதத்தில் சர்க்காரின் சொந்த மரணப் பதிவு வெளிவந்தது. 2020-ல் பதிவான மரணங்கள் சுமார் 81 லட்சம்; 2021-ல் சுமார் 1 கோடியே 2 லட்சம். ஒரே வருஷத்தில் இருபது லட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறது. இத்தனையும் கொரோனா அல்ல. பதிவு செய்யும் வழக்கம் அதிகமானதும், மற்ற நோயாளிகள் வைத்தியம் கிடைக்காமல் மாண்டதும் இதில் அடங்கும். ஆனாலும் பழைய எண் குறைவு என்பதை இது காட்டாமல் இல்லை. இந்தச் செய்தி வந்த நாளில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள்? பயம் தெளிந்த பிறகு வரும் உண்மைக்கு வாசகர்கள் கிடைப்பதில்லை.

ஆகையால், மறுபடியும் ஒரு கொள்ளை நோய் வந்தால் நம் வீடுகளில் எப்படிச் செய்தி படிப்பது என்று இப்போதே பழகிக்கொள்வது உத்தமம். ஓர் எண்ணைப் பார்த்தால், எண்ணியது யார், எதை எண்ணினார்கள், எந்தத் தேதி வரையில், எந்த எல்லைக்குள் என்று நாலு கேள்வி கேட்க வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்குப் பின் இன்னொன்று நடந்தது என்று படித்தால், முன்னதால்தான் பின்னது நடந்ததா என்று கேட்க வேண்டும். அனுப்பியவர் பெயரில்லாத செய்தியை, கையெழுத்தில்லாத மொட்டைக் கடுதாசியைப் போல் பாவிக்க வேண்டும். மொட்டைக் கடுதாசியில் சில சமயம் உண்மை இருப்பதும் உண்டு. ஆனால் அதை நம்பி யாரும் பெண் கொடுப்பதில்லை. ஊசியா, மருந்தா என்ற கேள்வி வந்தால், செய்தியை மடித்து வைத்துவிட்டு வைத்தியரைக் கேட்க வேண்டும்.

முக்கியமாக, எல்லாவற்றையும் நம்புவதும் ஒன்றையும் நம்பாதிருப்பதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டிலும் யோசிக்கிற சிரமம் மிச்சமாகிறது. அந்நிய ஆட்சியில் சர்க்கார் சொன்னதைச் சந்தேகித்தாலே தேசபக்தி என்று இருந்தது. சுதந்திர தேசத்தில் சந்தேகித்தால் மட்டும் போதாது. சரிபார்க்கவும் வேண்டும். அது கொஞ்சம் கடினமான தேசபக்தி.

நீங்கள் படிக்கும் பத்திரிகையின் ஏதாவது ஒரு மூலையில், "நேற்று வெளியான செய்தியில் இருந்த எண் தவறு, சரியான எண் இது" என்று ஒரு வரி என்றைக்காவது கண்ணில் பட்டால், அந்தப் பத்திரிகையின் சந்தாவை உடனே புதுப்பித்துவிடுங்கள். தப்பே செய்யாத பத்திரிகைதான் வேண்டும் என்றால் அதைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் எனக்கும் விலாசம் தெரிவியுங்கள். அதைப் படிக்க வேண்டாம். பூஜை அறையில் வைத்துவிடலாம்.